பேர் போட்ட காசை எங்கே போடுவது

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதலீடு என்று பேச்செடுத்தால், "சாப்பாட்டுக்கே பத்தல, இதுல முதலீடா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே வீட்டில் மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று ஓடும். காதுத்தோடு ஹட்டனில் அடகில் கிடக்கும். கிழமைக் கடனுக்கு வியாழக்கிழமை ஆள் வரும். சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டுப்படும். காசு ஏற்கெனவே நாலு இடத்தில் போடப்பட்டுத்தான் இருக்கிறது. அதற்கு யாரும் முதலீடு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்திலும் டவுன் கடைகளிலும் நட்டப்பட்டவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். தை மாதம் பள்ளிக்கூடச் செலவுக்கு வேண்டிய காசு, மூன்று வருடம் கழித்துக் கைக்கு வரும் இடத்தில் மாட்டியிருந்தது. அதை முறித்து எடுக்கப் போனதில் வட்டி போனது, அல்லது அடகு வைத்த நகை மீட்கமுடியாமல் மூழ்கியது. ஆகவே எந்த இடத்தைத் தேடுவதற்கும் முன்னால் ஒரு பழைய கொப்பியில் தேதிகளை எழுதுங்கள்: பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கோயில் திருவிழா, தீபாவளி, மகள் கல்யாணம், வீட்டுக் கூரை. கொழுந்து குறைந்து பேரும் குறையும் வெயில் மாதங்களையும் எழுதுங்கள். (பேர் என்றால் தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் பதியப்பட்ட வேலைநாள், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்.) ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அது தை, மாசி, பங்குனி. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணி. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் எவ்வளவு வேண்டும் என்று போடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கொப்பியை வைத்துப் படித்தால்தான் பிரயோசனம்.

சம்பளச் சீட்டில் ஏற்கெனவே இருப்பது

2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாயை நாட்சம்பளமாக வைத்துக்கொள்வோம். உங்கள் சீட்டில் வேறு தொகை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 25 பேர் விழுந்தால் 33,750 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், 2,700 ரூபாய். தோட்டம் போடவேண்டியது 12 வீதம், 4,050 ரூபாய். சேர்த்து 6,750. இதுபோக 3 வீதம், அதாவது 1,012 ரூபாய் 50 சதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குப் போகவேண்டும். அது முழுக்கத் தோட்டத்தின் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் வெட்டவே கூடாது.

2,700 ரூபாய் போட்ட அன்றே மேலே 4,050 சேரும் இடம் இலங்கையில் வேறெங்கும் கிடையாது. வருடத்துக்கு 81,000 ரூபாய் சேர்கிறது. 9 வீத வட்டி என்று வைத்தால் பத்து வருடத்தில் ஏறத்தாழ 12 இலட்சம். பங்குச் சந்தை பற்றிக் கேட்டு வரும் இளைஞர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "உங்க அம்மாவோட சேமலாபக் கணக்க எப்பப் பாத்தீங்க?" என்பதுதான். பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்க்கவேண்டியவை இவை. அடையாள அட்டையிலுள்ள பெயரும் சேமலாபப் பதிவிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ராமாயி ஒரு இடத்தில் ராமாய் ஆகியிருப்பார். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னுக்கும் மற்றதில் பின்னுக்கும் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் சேர்ந்திருக்கும். வேலையில் இருக்கும்போது இதைத் திருத்தினால் தோட்ட அலுவலகக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கொண்டு முடித்துவிடலாம். ஐம்பது வயதில், சேமலாபம் எடுக்கும் விண்ணப்பமான கே படிவத்தை நீட்டும்போது பிழை வெளியே வந்தால் சத்தியக்கடதாசி, கிராம சேவகர், திரும்பவும் தொழில் அலுவலகம் என்று மாதக்கணக்கில் நடக்கவேண்டும்.

இரண்டாவது, அங்கத்துவ இலக்கம். ஒரு தோட்டத்திலிருந்து கல்யாணமாகி இன்னொரு தோட்டத்துக்குப் போனவர்களுக்கும், இரண்டு வருடம் கொழும்பில் கடையிலோ கார்மென்ட்ஸிலோ இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்கும் இரண்டு மூன்று இலக்கம் இருக்கும். பழைய இலக்கத்தில் கிடக்கும் பணம் தானாக நடந்து வராது. எல்லா இலக்கத்தையும் ஒரே தாளில் எழுதி, பழைய சம்பளச் சீட்டுகளோடு வையுங்கள்.

மூன்றாவது, காசு உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா என்பது. சீட்டில் 2,700 வெட்டியிருப்பது, மத்திய வங்கியில் அது வரவு வைக்கப்பட்டதற்கு அத்தாட்சி ஆகாது. தொழில்கொடுநர் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டவேண்டும். பிந்தினால், பிந்திய காலத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அவர்மேல் விழும். கணக்குக் கூற்றில் ஒரு மாதம் இல்லையென்றால் அந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுங்கள். சீட்டு இல்லாத முறைப்பாடு வாய்ப்பேச்சாகவே நின்றுவிடும். மாதச் சீட்டுகளை எறியாமல் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

கிலோக் கணக்கில் கைக்காசுக்குப் பறிக்கும் கொழுந்துக்கும், பங்குமுறையில் பிரித்துக்கொடுத்த தேயிலை மலைக்கும் பெரும்பாலும் சேமலாபம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கையில் வாங்கும் காசு பெரிதாகத் தெரியும். கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது, செக்ரோல் வேலையில் உங்களுக்காகத் தோட்டம் கட்டும் அந்த 15 வீதத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அதேபோல மாதத்தில் ஐந்து பேர் விழாமல் போனால் சம்பளத்தில் 6,750 ரூபாய் குறைவது எல்லாருக்கும் தெரியும். சேமலாபத்தில் 1,350 குறைவது யாருக்கும் தெரியாது.

பத்து வருடம் கட்டி, கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க வழியுண்டு. கூரை ஒழுகும் லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) இருப்பவரிடம் எடுக்காதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் சேமலாபத்தைப் பிணையாக வைத்து வங்கியில் வீட்டுக்கடன் எடுப்பது வேறு. தவணை நின்றுபோனால் முதலும் வட்டியும் அந்தக் கணக்கிலேயே கழியும். ஓய்வு பெறும் நாளில்தான் பலருக்கு அது தெரியவரும்.

பின்னுரித்தாளி, அதாவது உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவர், பெயரும் பழையதாக இருக்கும். கல்யாணத்துக்கு முன் எழுதிய அண்ணன் பெயர் இருபது வருடமாக அப்படியே கிடக்கும்.

கடன் இருக்கும்போது சேமிப்பு

50,000 ரூபாய் குழுக் கடன், கிழமைக்கு 1,200 ரூபாயாக 52 கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 62,400 கட்டுகிறீர்கள். "வட்டி 25 வீதம்கூட இல்ல அக்கா" என்பார் கடன் கொடுக்க வந்தவர். ஆனால் 50,000 ரூபாய் வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள், நடு வருடத்தில் பாதிதான் பாக்கி. குறைந்துபோகும் மீதிக்கு வட்டி பார்த்தால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 45 வீதம். இந்தக் கடனை வைத்துக்கொண்டு 8 வீதத்துக்கு நிலையான வைப்புப் போடுவது, ஓட்டைத் தகரத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. மேலதிகமாக வரும் முதல் ரூபாய் அந்தக் கடனுக்குப் போகட்டும். முன்கூட்டிக் கட்டினால் மீதி வட்டியைக் கழிப்பார்களா என்று மட்டும் முதலில் கேளுங்கள். கழிக்காத இடமும் உண்டு. அங்கே அவசரப்பட்டுக் கட்டுவதில் இலாபமில்லை.

அடுத்தவர் ஓட்டோ லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போடுவதும் உங்கள் கடன்தான். அவர் கட்டாமல் விட்டால், கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் அது உங்கள் பெயரிலும் நிற்கும். பிறகு உங்கள் வீட்டுக் கடனுக்கு வங்கி முகம் சுளிக்கும்.

சீட்டு

சீட்டை ஏளனமாகப் பேசும் படித்தவர்கள், தோட்டத்தில் சேமிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்ததில்லை. பத்துப் பேர், மாதம் 5,000, பத்து மாதம். குலுக்குச் சீட்டில் முதல் மாதம் 50,000 எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். பத்தாம் மாதம் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. ஏலச் சீட்டில் ஒருவர் 42,000க்குக் கேட்டு எடுத்தால், விட்ட 8,000 பத்தாகப் பிரிந்து ஆளுக்கு 800. அந்த மாதம் நீங்கள் 4,200 கட்டினால் போதும். பொறுத்திருப்பவருக்கு அதுதான் வட்டி.

சீட்டின் உண்மையான பெறுமதி கட்டாயத்தில் இருக்கிறது. பக்கத்து லயத்து அக்கா வாசலில் வந்து நிற்பதால் 5,000 ஒதுங்கிவிடுகிறது. வங்கி மேலாளர் அப்படி வந்து நிற்கமாட்டார். கெடுவது எங்கே என்றால், முன்கூட்டி எடுத்தவர் கொழும்புக்குப் போய்விடும் இடத்தில்தான். அல்லது ஒரே ஆள் மூன்று சீட்டை நடத்தி, ஒன்றின் காசை மற்றதுக்குத் திருப்பும் இடத்தில். பத்து மாதத்துக்கு மேல் நீளும் சீட்டில் சேராதீர்கள். எல்லாரும் முகம் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். கொப்பியில் ஒவ்வொரு மாதமும் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் கையெழுத்திடவேண்டும். நடத்துபவர் கொப்பி காட்டக் கூச்சப்பட்டால் அடுத்த சுற்றில் விலகுங்கள். எடுக்கும் மாதத்தை உங்கள் தேதிக் கொப்பியோடு பொருத்துங்கள்: பள்ளிச் செலவுக்கென்றால் மார்கழி.

வங்கி

கடன் அடைந்ததும் முதல் இலக்கு, வேலையில்லாத ஒரு மாதத்தைத் தாண்டும் அளவு காசு. 30,000, 40,000 போதும். அது சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். வட்டி குறைவுதான், ஆனால் காதுத்தோடு அடகுக்குப் போகாமல் காப்பது இந்தக் காசுதான், அந்த அடகு வட்டியை மிச்சப்படுத்துவதே இதன் வருமானம். டவுனுக்குப் போய்வர பஸ் காசே பெரிதாக இருந்தால், தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் தபாலகத்திலேயே போடலாம், எடுக்கலாம்.

அதற்கு மேல் சேர்வது நிலையான வைப்புக்கு. 1,20,000 ரூபாய் இருந்தால் ஒரே வைப்பாகப் போடவேண்டாம். 30,000 ரூபாயாக நான்கு ஒரு வருட வைப்பு, மூன்று மாத இடைவெளியில் போடுங்கள். ஒவ்வொரு மூன்று மாதமும் ஒன்று முதிரும். அவசரம் வந்தால் ஒன்றைத்தான் முறிக்கவேண்டும். முறித்தால் பேசிய வட்டி கிடைக்காது. குறைந்த வீதத்தில் மறுகணக்குப் போட்டு, ஏற்கெனவே மாதாமாதம் எடுத்த வட்டி கூடிப்போயிருந்தால் போட்ட முதல் தொகையிலிருந்தே கழிப்பார்கள். முதிர இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், வைப்பைப் பிணைவைத்துக் கடன் எடுப்பது மலிவா என்று அந்த மேசையிலேயே கணக்குக் கேளுங்கள். முதிர்ந்த வைப்பு தானாகப் புதுப்பிக்கப்படுமா, எந்த வீதத்தில் என்பதையும் போடும் அன்றே கேட்கவேண்டும்.

இடைவெளி விட்டுப் போடுவதற்கு இன்னொரு காரணம் 2022. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். 2021இல் ஐந்து வருடத்துக்கு ஒற்றை இலக்க வட்டியில் கட்டிப்போட்டவர்கள் அரிசி விலையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. மூன்று மாதத் திறைசேரி உண்டியல் (அரசுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடன்) வட்டியே 30 வீதத்தைத் தாண்டிய காலத்தில் நீண்டகாலத்துக்குப் போட்டவர்கள் பிறகு சிரித்தார்கள். இரண்டு பேருக்குமே போடும்போது தெரியாது.

வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து கூட்டப்பட்டது. 2 இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் 16,000 வட்டி, அதில் 1,600 போய்விடும். ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், டின் நம்பர் (வரி செலுத்துநர் இலக்கம்) எடுத்து, வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். வருடாவருடம், ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர் அநேகமாக எல்லாரும் இதற்குள் வருவார்கள். கொடுப்பவர் மிகக் குறைவு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, மத்திய வங்கி உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. 2020இல் பழைய நிதிக் கம்பனியொன்றின் உரிமம் இரத்தானபோது இந்தத் திட்டத்தின் கீழ் அன்றிருந்த எல்லையான 6 இலட்சம் வரைதான் இழப்பீடு வந்தது. அதற்கு மேல் போட்டவர்கள் காத்துக் கிடந்தார்கள். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் கிராமிய வங்கிகளும் இந்தக் காப்புறுதிக்குள் வராது. அவற்றில் போடவே கூடாது என்று சொல்லவில்லை. தோட்டத்துக்கு அருகில் இருப்பது சிலவேளை அதுதான். ஒரு கிழமைச் செலவுக்கான காசுக்கு மேல் அங்கே வைக்காதீர்கள்.

மலையகத்துக்கே உரிய இடைஞ்சல் ஒன்று: முகவரி. லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று சொல்லமுடியாது. வங்கி அறிவித்தல், சேமலாபக் கூற்று, அடகு ஏல அறிவித்தல் எல்லாம் இப்படித்தான் தொலைகின்றன. கணக்குத் திறக்கும்போதே எஸ்.எம்.எஸ். சேவையை உங்கள் சொந்தத் தொலைபேசிக்குப் பதியுங்கள்; மகன் கொழும்பில் சிம்மை மாற்றிவிட்டால் உங்கள் தகவல் போய்விடும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். இல்லையென்றால், வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள். "எல்லாரும் போடுறதுதான்" என்ற பதிலோடு, கேட்காத காப்புறுதிப் படிவமொன்று நடுவில் சேர்ந்திருக்கலாம். அப்படி ஆயுள் காப்புறுதி எடுத்து இரண்டாம் வருடத்தில் நிறுத்தினால், பெரும்பாலான திட்டங்களில் கட்டிய காசு திரும்பாது.

தங்கம்

தங்கத்தை முதலீடு என்பதைவிட அவசரப் பெட்டி என்பதே சரி. லயத்தில் அரை மணி நேரத்தில் காசாகக்கூடிய பொருள் அதுதான். ஆகவே அதைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. எப்படி வாங்குவது என்பதுதான் கேள்வி. 8 கிராம் ஒரு பவுண். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 91.6 வீதம், பவுணுக்கு 7.33 கிராம். செய்கூலியும் சேதாரமுமாக 10 வீதம் கொடுத்தால், தங்க விலை 10 வீதம் ஏறும்வரை நீங்கள் நட்டத்தில்தான் இருக்கிறீர்கள். கல் பதித்த அட்டியல் வாங்கும்போது கல்லின் நிறைக்கும் தங்க விலை கொடுத்திருப்பீர்கள். அடகு வைக்கும்போது கல்லைக் கழித்துத்தான் நிறுப்பார்கள். சேமிப்புக்கென்றால் வேலைப்பாடு இல்லாத மோதிரம், காப்பு, அல்லது தங்க நாணயம். பற்றுச்சீட்டில் நிறையும் கரட்டும் செய்கூலியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கவேண்டும்.

அடகில் தங்கம் மூழ்குவது பெரும்பாலும் மறதியால். தவணைத் தேதியைத் தொலைபேசியில் அலாரமாகப் போடுங்கள். முழுவதும் மீட்கமுடியாவிட்டால், வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாமா என்று தேதிக்கு முன்னால் போய்க் கேளுங்கள். இரண்டு நகையை ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டாக வைத்தால், ஒன்றையாவது முதலில் மீட்கலாம்.

அதற்கு மேல்

திறைசேரி உண்டியல் என்பது அரசுக்கு 91, 182, 364 நாட்களுக்குக் கொடுக்கும் கடன். கழிவில் விற்பார்கள்: 8 வீதம் என்றால் ஒரு இலட்சம் முகப்பெறுமதியுள்ள 364 நாள் உண்டியலை ஏறத்தாழ 92,600 ரூபாய்க்கு வாங்கி, முடிவில் ஒரு இலட்சம் எடுப்பீர்கள். வங்கி மூலமோ, இவற்றை விற்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர் மூலமோ வாங்கலாம். சிறு தொகைக்குக் கதவு திறக்காத இடங்கள் உண்டு. ஒரு இலட்சம் சேராதவர் இதைப் பற்றி இப்போது யோசிக்கத் தேவையில்லை.

பலரின் காசைச் சேர்த்து முதலிடும் யூனிட் டிரஸ்ட் அப்படியில்லை. பல நிதியங்களில் 1,000 ரூபாயோடு தொடங்கலாம். பணச்சந்தை நிதியம் உண்டியலிலும் குறுகிய கால வைப்பிலும் போடுகிறது. பங்கு நிதியம் பங்குகளில் போடுகிறது. இரண்டுக்கும் ஒரே விதமான விளம்பரத் தாள்தான் கொடுப்பார்கள், ஆகவே எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காசு திரும்ப எடுக்கச் சில வேலை நாட்கள் ஆகும். வைப்புக் காப்புறுதி இதற்கில்லை. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் உண்டா என்று பார்த்து, நிதியத்தின் கணக்குக்கே போடுங்கள். "என் கணக்குக்குப் போடுங்க அண்ணே, நான் கட்டிவிடுறேன்" என்று முகவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

பங்கு வாங்க, பங்குகளை மின்பதிவில் வைத்திருக்கும் சீ.டி.எஸ். கணக்கு வேண்டும், கொழும்புப் பங்குச் சந்தையின் ஆப் மூலம் லயத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு பங்கிலிருந்து வாங்கலாம். வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம் செலவு. 10,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் ஏறத்தாழ 224 ரூபாய். ஆகவே கிழமைக்கு இரண்டு தடவை வாங்கி விற்பவர் தரகருக்குத்தான் கொழுந்து பறிக்கிறார். கொப்பியில் அடுத்த ஐந்து வருடத்தில் எந்தத் தேதியும் எழுதப்படாத காசு மட்டும் இங்கே வரட்டும். வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு ஏறும்" என்று வரும் பங்கு, அனுப்புகிறவர் இன்றைக்கு விற்க நினைக்கும் பங்காக இருக்கலாம். கடவுச்சொல்லைத் தம்பி மச்சான் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பங்குச் சந்தை நமக்குத் தூரம் என்று நினைக்கும் பல வீடுகளின் தகரப் பெட்டியிலேயே பங்கு இருக்கக்கூடும். 1990களில் பெருந்தோட்டக் கம்பனிகள் தனியார்மயமானபோது, பங்குகளில் 10 வீதம் அந்தத் தோட்டங்களின் ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. அந்தப் பத்திரத்தைப் பழைய ரசீது என்று நினைத்து, திருமணப் பதிவோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். கிடைத்தால் பெயர், பத்திர இலக்கம், பங்கு எண்ணிக்கை மூன்றையும் படம் பிடியுங்கள். பத்திரத்திலுள்ள கம்பனியின் பெயர் பிறகு மாறியிருக்கலாம். கம்பனிச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பங்கு இன்னும் பதிவில் உள்ளதா, கொடுபடாத பங்கிலாபம் உண்டா என்று கேளுங்கள். ஆள் உயிரோடு இருந்தால் சீ.டி.எஸ். கணக்கு திறந்து பத்திரத்தை அதற்குள் மாற்றலாம். இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசு ஆவணங்களும் வேண்டும். மூலப் பத்திரத்தைப் பிரதி எடுக்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். இந்தப் பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கித் திரியும் ஆட்களும் இருக்கிறார்கள்.

ஏமாற்று

பிரமிட் திட்டம் இலங்கையில் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். மலையகத்தில் அது பெரும்பாலும் உறவினர் முகத்தோடு, ஞாயிற்றுக்கிழமை, டவுன் ஹோட்டல் மண்டபத்தில் வரும். சாப்பாட்டுப் பார்சலும் இருக்கும். ஒரே ஒரு கேள்வி போதும்: புதிதாக ஒருவரும் சேராவிட்டால் என் காசுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? பதிலில் "டீம்" என்ற சொல் வந்தால் எழுந்துவிடுங்கள். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். முதல் மூன்று மாதம் ஒழுங்காகக் காசு வந்தது என்பது நம்பிக்கைக்குக் காரணமே இல்லை. அந்தக் காசைக் காட்டித்தான் உங்கள் தங்கையைச் சேர்ப்பார்கள்.

பென்சன் காசு வரும் நாள்

பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் சேமலாபம் எடுக்கலாம். ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணம். 1,350 ரூபாய்க்கு 30 வருடம் என்றால் 5,67,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்கவேண்டும். இதுவும் சேமலாபமும் ஒரே காசு என்று நினைத்து, ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைக் கேட்காமல் போனவர்கள் உண்டு. நம்பிக்கை நிதி மூன்றாவது, தனி விண்ணப்பம்.

வாழ்நாளில் ஒரே தடவை கைக்கு வரும் பெரிய தொகை இது. வருகிற கிழமையிலேயே மகனுக்கு ஓட்டோ, மருமகனுக்குக் கடை, திருவிழாவுக்கு உபயம் என்று வரிசை தொடங்கும். 14 இலட்சம் வருகிறது என்றால், முதல் மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் மூன்று மாத வைப்பில் போட்டுவிட்டு, "காசு வைப்பில கெடக்கு, இப்ப எடுக்க ஏலாது" என்று சொல்லுங்கள். அது பொய்யுமில்லை. பிறகு 2 இலட்சம் சேமிப்புக் கணக்கில், 3 இலட்சம் ஒரு இலட்சமாக மூன்று வைப்பில், மீதி 9 இலட்சம் மாத வட்டி வரும் வைப்பில். 8 வீதத்துக்கு மாதம் 6,000 வரும். சுய பிரகடனம் கொடுத்திருந்தால் முழுதாக வரும். மொத்தம் 11 இலட்சத்தைத் தாண்டுவதால் இரண்டு வங்கியாகப் பிரியுங்கள், அல்லது தேசிய சேமிப்பு வங்கியில் போடுங்கள். வைப்பு உழைத்தவரின் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளையைப் பின்னுரித்தாளியாகப் போட்டால் போதும், கூட்டுக் கணக்காக்கத் தேவையில்லை. ஓட்டோ வாங்கியே தீரவேண்டும் என்று வீட்டில் முடிவானால், முற்பணத்தை மட்டும் கொடுங்கள். லீசிங் தவணையை ஓட்டுகிறவர் கட்டட்டும், பிணைக் கையெழுத்துக்கு வேறு ஆள் பார்க்கட்டும்.